மணிக்கட்டு வரை

உதயகுமாரின் யூடியூப் சேனலில் முகமும் குரலும் அவனுடையவை. கைகள் அவன் மனைவி லாவண்யாவுடையவை.

அம்பத்தூர் மேனாம்பேட்டில் அவர்கள் வீட்டு மாடியறையில்தான் வீடியோ எடுப்பார்கள். வீடியோ கேம் ஆடும்போது பிடித்துக்கொள்ளும் கண்ட்ரோலர்களைப் பற்றிய சேனல் அது. எது கைக்கு இதமாக இருக்கிறது, எது கொஞ்ச நேரத்தில் உறுத்துகிறது, எதன் பட்டன் தொட்டதும் இறங்குகிறது என்று ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிட்டுச் சொல்வான். திரையின் மேல் பாதியில் அவன் பேசிக்கொண்டிருப்பான். கீழ்ப் பாதியில் வெள்ளைத் துணி விரித்த மேஜை. அங்கே இரண்டு கைகள் வந்து கண்ட்ரோலரை எடுக்கும், திருப்பும், அழுத்தும், வைக்கும். மணிக்கட்டுக்கு மேல் எதுவும் தெரியாது.

இந்த ஏற்பாட்டை முதலில் சொன்னவள் லாவண்யாதான்.

உதயகுமாருக்குச் சின்ன வயதிலிருந்தே உள்ளங்கை வேர்க்கும். தொழிற்பேட்டையில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலையில் இருந்தான். அவன் தொட்ட இரும்பெல்லாம் மறுநாளே துருப்பிடிக்கிறது என்று கூட வேலை செய்தவர்கள் கிண்டல் செய்வார்கள். கையுறை மாட்டிக்கொண்டு சமாளித்தான். வேலை முடிந்து வந்து அவன் போட்ட முதல் வீடியோவில் கண்ட்ரோலர் பளபளவென்று நனைந்து தெரிந்தது. "ப்ரோ, கொழாயடில கழுவிக்கினே ரிவ்யூவா?" என்று ஒருவன் எழுதியிருந்தான். கீழே சிரிப்புப் பொம்மைகள் வரிசை கட்டி நின்றன. அன்று உதயகுமார் சாப்பிடவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான்.

லாவண்யாவுக்குப் பாவமாக இருந்தது. "நான் பிடிக்கிறேங்க. நீங்க பேசுங்க" என்றாள்.

அவளுக்குக் கண்ட்ரோலர் புதிதல்ல. ஆவடி டாங்கி ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். அப்பா வேலுசாமி விருதுநகர்ப் பக்கத்திலிருந்து அந்த வேலைக்காக வந்தவர். தம்பி கிஷோருக்கு வாங்கிக் கொடுத்த பழைய பிளேஸ்டேஷனில் அவனையும் அவன் சிநேகிதர்களையும் தோற்கடித்துக்கொண்டிருந்தவள் அவள்தான். கல்யாணத்துக்குப் பிறகு அப்பா ஓய்வு பெற்றார். குவார்ட்டர்ஸைக் காலி செய்து கொடுத்துவிட்டு அம்மாவும் அவரும் ஊரோடு போய்விட்டார்கள். கிஷோர் புனேயில் இருக்கிறான். அவள் வளர்ந்த வீட்டில் இப்போது வேறு யாரோ இருக்கிறார்கள். கோபித்துக்கொண்டு போய் நிற்க ஆவடியில் அவளுக்கு ஒரு வாசல் இல்லை.

கண்ட்ரோலர் வந்ததும் முதலில் அவள்தான் சில நாள் அதை வைத்து ஆடிப் பார்ப்பாள். பிறகு தோன்றியதைச் சொல்வாள். "எக்ஸ்பாக்ஸ்ல கட்டைவிரலால ஆட்டுற இடது ஸ்டிக் மேல இருக்கு. கட்டைவிரல் சும்மா வச்ச இடத்துலயே ஸ்டிக் இருக்கு. பிளேஸ்டேஷன்ல ரெண்டு ஸ்டிக்கும் கீழ பக்கத்துல பக்கத்துல. விரலைக் கொஞ்சம் உள்ள மடக்கணும். ஆனா பழகிட்டா ரெண்டு கையும் ஒண்ணா வேலை செய்யுற மாதிரி இருக்கும்" என்பாள். உதயகுமார் அதை மனதில் வாங்கிக்கொண்டு கேமரா முன்னால் உட்கார்ந்து, "மச்சான்ஸ், எக்ஸ்பாக்ஸ் கைல வந்து தானா உக்காந்துக்கும். பிளேஸ்டேஷன நம்மதான் உக்கார வெக்கணும்" என்று சொல்வான். கேட்கவே நன்றாக இருக்கும். அவளுக்கே சிரிப்பு வரும். தன்னால் அப்படிச் சொல்ல முடியாது என்று நினைத்துக்கொள்வாள்.

சேனல் வளர்ந்தது. உதயகுமார் கம்பெனி வேலையை விட்டான். திருமுல்லைவாயலில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் லாவண்யா வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில்தான் தெருவில் சத்தம் குறைவு, அப்போதுதான் வீடியோ எடுக்க முடியும் என்றான். கொஞ்ச காலத்துக்குத்தானே என்று அவளும் வேலையை விட்டாள்.

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. வளையல் போடக் கூடாது, மைக்கில் கிணுகிணுவென்று கேட்கிறது. மருதாணி கூடாது, முந்தின வீடியோவோடு ஒட்டாது. காய் நறுக்க வேண்டாம், விரலில் கீறல் விழும். நறுக்கும் வேலை மாமியார் சாமுண்டீஸ்வரியிடம் போனது. "எங்கூட்டு மருமவ கை ஷோகேஸ்ல வெக்கிற கை" என்று அவள் அரிவாள்மனையில் உட்கார்ந்து வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வாள். ஒருநாள் வடை போடும்போது லாவண்யாவின் புறங்கையில் எண்ணெய் தெறித்துவிட்டது. உதயகுமார் ஓடி வந்தான். கையைப் பிடித்துப் பார்த்தான். "இந்த மார்க் எப்ப போவும்?" என்று கேட்டான்.

எரிகிறதா என்று கேட்பான் என அவள் கொஞ்ச நேரம் காத்திருந்தாள்.

மாடியறை ஜன்னலை அவன் சத்தம் வராமலிருக்க ஃபோம் வைத்து அடைத்திருந்தான். வீடியோ எடுக்கும்போது மின்விசிறி ஓடக் கூடாது. ஒருமுறை சாமுண்டீஸ்வரி காபியோடு உள்ளே நுழைந்து நல்ல இடத்தில் ரெக்கார்டிங் கெட்டுப் போனது. அதிலிருந்து அவளே வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டுக் கீழே போவாள். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும் மேலே ஏறி வர முடியாது. முடிந்ததும் உதயகுமார் போன் செய்தால் வந்து திறப்பாள். விளக்குச் சூட்டில், கேமராவில் படாத ஒரு குட்டி ஸ்டூலில், கையை மட்டும் மேஜைமேல் நீட்டிக்கொண்டு லாவண்யா உட்கார்ந்திருப்பாள். முதுகில் வேர்வை இறங்கும். துடைக்க முடியாது. கை ஃப்ரேமுக்குள் இருக்கும்.

கோடை முடிவதற்குள் வலது கட்டைவிரலின் அடியில் வலி ஆரம்பித்தது. முதலில் சோடா மூடி திருக முடியவில்லை. அப்புறம் தோசைக்கல்லைத் தூக்கியபோது கை விட்டுப்போய் கல் தரையில் விழுந்தது. முகப்பேரில் ஒரு டாக்டர் கட்டைவிரலை மடக்கச் சொல்லி, மணிக்கட்டை லேசாகச் சாய்த்தார். லாவண்யா அலறிவிட்டாள். தசைநார் வீங்கியிருக்கிறது, ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வதால் வருவது, கைக்கு ஓய்வு கொடுக்காவிட்டால் ஊசி, அதற்கும் கேட்காவிட்டால் ஆபரேஷன் என்றார்.

உதயகுமார் ஒன்றும் கல்நெஞ்சன் இல்லை. வெந்நீர் ஒத்தடம் கொடுத்தான். பேண்டேஜை அவனே இதமாகச் சுற்றிவிடுவான். "இந்த ஒரு வீடியோ மட்டும் லாவு. அப்பால ஃபுல் ரெஸ்ட்டு" என்பான். அடுத்த வாரம் இன்னொரு 'ஒரு வீடியோ' இருக்கும்.

அப்போதுதான் நீலக் கண்ட்ரோலர் வந்தது. புதிதாகத் தொடங்கிய ஒரு கம்பெனி அனுப்பியது. எக்ஸ்பாக்ஸ், பிளேஸ்டேஷன் இரண்டோடும் அதை வைத்து நேரலையில் ஒப்பிட்டுக் காட்ட வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். உதயகுமாருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. லாவண்யா அதை எடுத்து ஆடிப் பார்த்தாள்.

"என் கைக்கு இது ஆகலைங்க" என்றாள். "பின்பக்கம் கனம் ஜாஸ்தி. ஆள்காட்டி விரலால ட்ரிகரை எட்டி அமுக்கினா கட்டைவிரல் ஸ்டிக்கை விட்டு நழுவுது. நழுவாம இருக்கணும்னா இழுத்துப் பிடிக்கணும். வலி அங்கதான் வருது."

"உனுக்கு ஏற்கெனவே கை நோவு கீது. அத்தொட்டு அப்டி தோணுது."

"இடது கைலயும் அப்படித்தான் இருக்கு. அதுல எனக்கு வலி இல்லையே."

உதயகுமார் கண்ட்ரோலரை அவளிடமிருந்து வாங்கிப் பெட்டியில் வைத்தான். பிறகு, "அவங்ககிட்ட இன்னான்னு சொல்றது? டேட்டு குடுத்தாச்சி" என்றான்.

குறித்த நாள் ஆடி ஞாயிற்றுக்கிழமையாகப் போனது. தெருக்கோடி அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிறார்கள். காலையிலிருந்தே குழாய் ஸ்பீக்கர் அலறியது. ஃபோம் போதாதென்று உதயகுமார் கட்டில் மெத்தையைத் தூக்கி ஜன்னல்மேல் சாத்தினான். லாவண்யாவின் பேண்டேஜை அவிழ்க்கச் சொன்னான். "தெரிஞ்சா இன்னா ஏதுன்னு கேப்பானுங்க." அவிழ்த்ததும் மணிக்கட்டில் வரிவரியாகத் தடம் இருந்தது. அதன்மேல் பவுடர் பூசினான். கீழிருந்து சாமுண்டீஸ்வரி ஏறி வந்து, "நா கோயிலாண்ட போயி கூழு வாங்கினு வரேன்" என்று சொல்லித் தூக்கோடு நின்றாள். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்ட சத்தம் கேட்டது.

"வணக்கம் மச்சான்ஸ்! இன்னிக்கி மூணு பேரு களத்துல கீறாங்க" என்று உதயகுமார் ஆரம்பித்தான்.

முதலில் எக்ஸ்பாக்ஸ், பிறகு பிளேஸ்டேஷன். லாவண்யா சொல்லிக்கொடுத்ததையெல்லாம் அவன் அழகாகச் சொன்னான். அவள் கைகள் எடுத்தன, திருப்பின, வைத்தன. பார்ப்பவர்கள் எழுதுவது பக்கத்துத் திரையில் ஓடிக்கொண்டிருந்தது. 'அண்ணி நீங்க சொல்லுங்க, எது பெஸ்ட்டு?' என்று ஒன்று வந்தது. உதயகுமார் சிரித்தான். "அண்ணி பேச மாட்டாங்கோ. வெக்கம்."

லாவண்யாவுக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. தொண்டை வறண்டிருந்தது.

நீலம் வந்தது. அதை வைத்து ஒரு கார் ரேஸ் ஆடிக் காட்ட வேண்டும். ட்ரிகரை அழுத்திய முதல் வளைவிலேயே கட்டைவிரல் அடியிலிருந்து முழங்கை வரை மின்சாரம் பாய்ந்தது போல் இழுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"நம்மூட்டு கைய பாருங்க மச்சான்ஸ். எப்டி ஜம்முனு உக்காந்துகினு கீது! சின்ன கை, பெரிய கை, எல்லாத்துக்கும் செட்டாவும். நாள் பூரா புடிச்சிகினு ஆடலாம், நோவே தெரியாது."

லாவண்யா நீலக் கண்ட்ரோலரைத் துணிமேல் வைத்தாள். இரண்டு கைகளையும் மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

திரையின் கீழ்ப் பாதியில் வெறும் மேஜை தெரிந்தது. உதயகுமார் பேச்சை விடாமல் கண்ணால் அவளிடம் கேட்டான். அவள் தலையை ஆட்டினாள். முடியாது. 'கை எங்க ப்ரோ?' என்று எழுத ஆரம்பித்தார்கள். அவள் எழுந்து கதவுக்குப் போனாள். இழுத்தாள். தாழ்ப்பாள் நினைவுக்கு வந்தது. இடது உள்ளங்கையால் கதவைத் தட்டினாள், பிறகு குத்தினாள். வெளியே ஸ்பீக்கர் சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது. அறையில் காற்று அசையவே இல்லை. கதவோடு நெற்றியை வைத்து நின்றாள். மூச்சு பாதியிலேயே நின்று நின்று வந்தது. இந்தக் கதவு இன்று மட்டுமல்ல, எப்போதும் வெளியே தாழ் போட்டுத்தான் இருந்தது என்பது அப்போதுதான் அவளுக்கு முழுதாக உறைத்தது.

திரும்பிப் பார்த்தாள். உதயகுமார் வேறு வழியில்லாமல் தன் கைகளையே மேஜைமேல் நீட்டியிருந்தான். நீலக் கண்ட்ரோலரை எடுத்தான். விளக்கு வெளிச்சத்தில் அவன் விரல்கள் எண்ணெய் தடவியது போல் மினுங்கின. பேண்ட்டில் துடைத்துவிட்டு மறுபடி எடுத்தான். அது வழுக்கி மேஜையில் விழுந்தது. திரையில் சிரிப்புப் பொம்மைகள் ஏறின. அவன் கழுத்து சிவந்துகொண்டே வந்தது. வாய் மட்டும் எதையோ பேசிக்கொண்டிருந்தது.

திரும்பிப் போய் ஸ்டூலில் உட்கார்ந்தால் போதும், அவன் மானம் தப்பிவிடும். அவளுக்கு அது தெரிந்தது. கால்களும் அந்தப் பக்கம்தான் நகர்ந்தன. ஆனால் ஸ்டூலைத் தாண்டி அவன் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றாள். அவன் சட்டைக் காலரில் குத்தியிருந்த மைக்குக்குக் குனிந்தாள். வேர்த்து ஈரமான அவள் முகம் முதல்முறையாகத் திரையில் தெரிந்தது.

"வணக்கம். நான் லாவண்யா" என்றாள். "இத்தனை நாளா நீங்க பாத்த கை என்னுது. எனக்குக் கட்டைவிரல்ல வலி, டாக்டர் ஓய்வு எடுக்கச் சொல்லியிருக்கார். முதல் ரெண்டைப் பத்தி இவர் சொன்னது சரி. இந்த நீலத்தைக் கை சின்னதா இருக்கிறவங்க வாங்காதீங்க. பெரிய கைக்கு நல்லா இருக்கோ என்னவோ, எனக்குத் தெரியாது. எனக்கு வலிச்சுது."

உதயகுமார் அசையாமல் உட்கார்ந்திருந்தான். அவள் நிமிரப் போனாள். மறுபடி குனிந்தாள்.

"அப்புறம், கதவு வெளிய தாழ் போட்டிருக்கு. அத்தை கூழ் வாங்கப் போயிட்டாங்க. மேனாம்பேட்டுல யாராவது பாத்துட்டு இருந்தா, பச்சை கேட் வீடு, மாடிக்கு வந்து திறந்து விடுங்க."

உதயகுமார் நேரலையை நிறுத்தினான். ஸ்பீக்கர் மட்டும் மெத்தைக்குப் பின்னால் மங்கலாகக் கேட்டது.

"இன்னா காரியம் பண்ட்டே?" என்றான். கத்தவில்லை. கேட்டுவிட்டுத் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஃபேனைப் போடுங்க" என்றாள் லாவண்யா.

அவன் எழுந்துபோய்ப் போட்டான். இருவரும் காற்றில் உட்கார்ந்திருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் படியில் காலடி தடதடவென்று கேட்டது. தாழ்ப்பாள் விலகியது. பக்கத்துத் தெருவில் இருக்கும் யுவராணி, கல்லூரியில் படிக்கிற பெண், கையில் போனோடு மூச்சு வாங்க நின்றாள்.

"அக்கா, நாந்தான் லைவ் பாத்துகினு இருந்தேன்" என்றாள். உதயகுமாரைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "நீங்க நல்லா கீறீங்க இல்ல?"

லாவண்யா அவளோடு இறங்கித் தெருவுக்கு வந்தாள். எங்கே போவதென்று தெரியவில்லை. கோயில் வரைக்கும் நடந்தாள். வரிசையில் நின்ற சாமுண்டீஸ்வரி மருமகளைப் பார்த்து, "அதுக்குள்ள முட்ஞ்சிச்சா?" என்றாள். லாவண்யா தூக்கை வாங்கிக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

நீலக் கம்பெனி அத்தோடு விலகிக்கொண்டது. உதயகுமார் அவளிடம் பேசவில்லை. "புருஷன் பொழப்புல மண்ணப் போட்டுட்டியேம்மா" என்று சாமுண்டீஸ்வரி மூக்கைச் சிந்தினாள். கதவைப் பற்றி லாவண்யா கேட்டபோது, "வயக்கமா போட்ற தாப்பாதானே? உன்ன அடச்சி வெச்சாப்ல சொல்ற" என்று கோபித்துக்கொண்டாள். உண்மையிலேயே அவளுக்கு அது விளங்கவில்லை.

பிறகு ஒருநாள் உதயகுமார் சமையலறைக்கு வந்தான். முகம் மலர்ந்திருந்தது. போனை நீட்டினான். அந்த நேரலையின் கடைசிப் பகுதியை யாரோ வெட்டிப் போட்டிருக்கிறார்கள். ஊரெல்லாம் பார்க்கிறது. 'உண்மையைச் சொன்ன அண்ணி' என்று எழுதியிருக்கிறார்கள். அவளே பேசட்டும் என்று கேட்கிறார்கள்.

"நா தப்பு பண்ட்டேன் லாவு. உன்னத்தான் முன்னாடியே பேச வுட்டிருக்கணும்" என்றான். மனதாரத்தான் சொன்னான். "மேல வந்து பாரு."

மேலே இரண்டாவது நாற்காலி போட்டிருந்தான். அவளுக்கென்று தனி மைக். முகம் தெரிகிற மாதிரி இன்னொரு கேமரா. லாவண்யாவுக்கு ஒரு கணம் சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்த நாற்காலியில் உட்கார்ந்துகூடப் பார்த்தாள்.

"தெனிக்கும் ஒண்ணு போட்றோம்" என்றான் உதயகுமார். "காலீல ஷூட்டு, மத்தியானம் எடிட்டு, சாய்ங்காலம் லைவ்வு. கைக்கு நோவு கொடுக்க வேணாம், நீ பேசினா மட்டும் போதும். நோவு கீது பாரு, அதையும் அப்பப்ப சொல்லு. ஜனங்க அதத்தான் கேக்குறாங்க. சவுண்டுக்கு இன்னொரு லேயர் ஃபோம் அடிக்க ஆளாண்ட சொல்லிக்கிறேன்."

லாவண்யா அடைத்த ஜன்னலைப் பார்த்தாள். முன்பு கை மட்டும்தான் உள்ளே இருந்தது. இனி முகமும், குரலும், வலியும்.

"நான் வரலைங்க" என்றாள்.

"இன்னாத்துக்கு? நீதான பேசணும்னு..."

"பேசணும்னு இல்ல. வெளிய போகணும்னுதான் அன்னைக்குப் பேசினேன்." எழுந்தாள். "லேப்ல புஷ்பா மேடத்துக்குப் போன் பண்ணிட்டேன். கை சரியாகிற வரைக்கும் ரிப்போர்ட் எடுத்துக் குடுக்கிற டேபிள்ல உட்காரச் சொல்லியிருக்காங்க."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல?"

"கேட்டா வேணாம்னு சொல்லியிருப்பீங்க. நானும் சரின்னு சொல்லியிருப்பேன்."

அதற்குப் பிறகு வீட்டில் நிறையப் பேச்சு வந்தது. விருதுநகரிலிருந்து அம்மா போன் செய்து, மாப்பிள்ளை மனசு நோகாமல் நடந்துகொள் என்றாள். லாவண்யா எல்லாவற்றுக்கும் உம் கொட்டினாள். காலையில் பஸ் ஏறிப் போய்விட்டு வந்தாள். லேபிலும் அப்படி ஒன்றும் காற்றோட்டம் கிடையாது. நாளெல்லாம் பெயர் சொல்லி ஆட்களை அழைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் கதவு திறந்தே கிடந்தது. வருகிறவர்கள் அவள் முகத்தைப் பார்த்துத்தான் கேள்வி கேட்டார்கள்.

ஊசி போடாமலே கை தேறிவிட்டது. ரத்தம் எடுக்கும் வேலைக்குத் திரும்பினாள். அது உதயகுமாருக்கும் தெரியும்.

ஒரு விடுமுறை நாள் காலையில் அவள் இட்லிக்கு மாவு ஊற்றிக்கொண்டிருந்தபோது அவன் வந்து நிலைப்படியில் சாய்ந்தான். இளைத்திருந்தான். கையில் புதிதாக வந்த கண்ட்ரோலர் பெட்டி.

"கை சரியாய்ட்ச்சி இல்ல?"

இன்னும் வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவன் நம்பியிருப்பான், பேச்சும் அதோடு முடிந்திருக்கும்.

"சரியாயிடுச்சுங்க. ஆனா நான் வரமாட்டேன்."

அவன் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். கொடியிலிருந்து ஒரு துண்டை உருவித் தோளில் போட்டுக்கொண்டு மாடிக்குப் போனான். மேலேயிருந்து அவன் குரல் கேட்டது. "வணக்கம் மச்சான்ஸ்." நின்றது. எதையோ துடைத்தான் போலிருக்கிறது. மறுபடி முதலிலிருந்து, "வணக்கம் மச்சான்ஸ்." மறுபடி நின்றது.

லாவண்யா மாடிப்படி வரைக்கும் வந்துவிட்டாள். கீழ்ப்படியில் ஒரு காலையும் வைத்துவிட்டாள். அவன் மூன்றாவது முறை தொடங்கியபோது குரல் நிற்கவில்லை. தடுமாறிக்கொண்டே போனது. அவள் அங்கேயே நின்று கேட்டாள். பிறகு காலை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குத் திரும்பினாள்.